தாத்தாவின் டிராக்டரும் நான் விழுங்கிய சேதியும்

பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் தேதியைப் பார்க்கிறவர்கள், டாக்சியில் ஏறியதும் இவன் சுற்றுவழியில் போகிறானோ என்று ரோட்டையே முறைத்துக்கொண்டு வருகிறவர்கள், பூட்டிய பூட்டை நான்கு படி இறங்கியபின் மறுபடி ஏறிவந்து இழுத்துப் பார்க்கிறவர்கள். நம் வயதுக்காரர்களில் இந்த ரகம் அதிகம். உங்களோடுதான் பேசுகிறேன். வயசாகிவிட்டதால் வந்த குணம் என்று பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது வயதால் வந்ததில்லை. பத்து வயதிலேயே நான் தேர்ந்த சந்தேகக்காரி. அந்தத் திறமை உச்சத்தில் இருந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போதும் பாதி மனதோடுதான் தொடங்குகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பவானிபூரில், டிராம் மணி கேட்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். அந்த வருஷங்களில் கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவரெல்லாம் கறுப்பு எழுத்தில் கோஷங்கள். இருட்டியபின் கதவைத் தட்டினால், யார் என்று மூன்று தரம் கேட்காமல் ஒரு வீட்டிலும் திறக்கமாட்டார்கள். பையன் கையில் பொட்டலம் இருந்தால் போலீஸ்காரர் பிரிக்கச் சொல்வார். எல்லாருக்கும் எல்லார் மேலும் ஒரு கண். எங்கள் வீட்டில் அது இன்னும் ஒரு பங்கு கூடுதல். அப்பா ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் அப்பா குனிந்து தராசுக்கு அடியில் பார்ப்பார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம், நிலக்கரி கொட்டி வைக்கும் தகரக் கொட்டகையில், தாத்தாவின் டிராக்டர் நின்றது. பட்டணத்து வீட்டில் டிராக்டர் எதற்கு என்று கேட்பீர்கள். தாத்தாவும் இதே ஊரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். திருச்சிப் பக்கம் திரும்பிப் போகாமல், தெற்கே கரியாவையும் தாண்டிக் கொஞ்சம் நிலம் வாங்கி நெல்லும் கத்தரிக்காயும் போட்டார். வடக்கே ஏதோ தேயிலைத் தோட்டத்தில் ஏலத்துக்கு வந்த இந்த டிராக்டரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவர் காலமானபின் நிலம் கைமாறிப் போனது. டிராக்டரை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. கட்டி இழுத்துவந்து எங்கள் கொட்டகையில் விட்டார்கள். ஆதியில் அது நீலமா பச்சையா என்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நான் பார்த்தபோது துரு நிறம். இருக்கையின் தகரக் குழிவில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கொசு முட்டையிட்டிருந்தது.

சித்தப்பா மின்விசிறித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தார். தொழிற்சாலை கதவடைப்பாகி எட்டு மாதம். முதல் மாதம் தினமும் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சட்டை போடுவதை விட்டுவிட்டார். ஒரு நாள் கொட்டகைக்குள் போனவர் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் கரியும் சிரிப்புமாக இருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஹூக்ளிப் பக்கம் கிராமம். அங்கே துர்கா பூஜை முடிந்ததும் உருளைக்கிழங்குக்கு உழுவார்கள். மாட்டுக்காகக் காத்திருக்கிற அத்தனை பேரும் வாடகை டிராக்டர் கிடைத்தால் விடமாட்டார்களாம்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

“மகாளய அமாவாசை வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஓடலேன்னா பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கிட்டுப் போவான். நீ ஜாம்ஷெட்பூர்ல மாமா ஓட்டலுக்குக் கிளம்பு.”

மாமா ஓட்டல் என்றால் கல்லாப்பெட்டி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத இடம் அது. ஏற்கெனவே குடும்பத்தில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து தொந்தியும் துக்கமுமாக இருந்தார்கள். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. “ஓடும்ணே” என்று மட்டும் சொன்னார்.

வண்டியைப் பழுதுபார்க்க மிஸ்திரியைக் கூட்டிவந்தது சித்தப்பாதான். பின்தெருவில் டாக்சிகளுக்கு வேலை செய்யும் பட்டறைக்காரர். கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். அங்கே ஆற்று லாஞ்சில் எஞ்சின் பார்த்தவராம். மெலிந்த உடம்பு, காதோரம் மட்டும் நரை, தோளில் எப்போதும் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட கம்ச்சா துண்டு. டிராக்டரைச் சுற்றி இரண்டு முறை வந்து, காதை எஞ்சினில் வைத்து, ஓடாத வண்டியில் என்ன கேட்டதோ, தலையை ஆட்டினார். கூலி மிகக் குறைவாகக் கேட்டார்.

அதுதான் அப்பாவின் முதல் சந்தேகம். “இவ்வளவு கம்மியா எவன் செய்வான்? சாமானை மாத்துவான், பாரு. நல்லதைக் கழட்டிச் சந்தையில வித்துட்டு, மட்டமானதை மாட்டிட்டுப் போவான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ அங்கேயே இரு. கண்ணை எடுக்காதே.”

எனக்கு இதைவிடப் பெரிய பதவி இதுவரை கிடைத்ததில்லை.

காசில்லாமல் ஒரு டிராக்டரை உயிர்ப்பிப்பது எப்படி என்று இன்றைக்கும் என்னால் வகுப்பெடுக்க முடியும். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. அம்மாவின் விளக்கெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கலந்து மேலேயிருந்து ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டார்கள். கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டுகளின் குழிகளில் வரிசை மாறாமல் போட்டு வைத்தார் மிஸ்திரி. அம்மா முதலில் கத்தினாள், பிறகு ஓட்டை விழுந்த தட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். எஞ்சின் மூட்டுகளுக்கு நடுவே வைக்கும் அட்டையைப் பழைய நாள்காட்டி அட்டையிலிருந்து கத்தரித்தார்கள். முருகன் படத்தைத் தவிர்த்து, ஓரத்தை மட்டும். வால்வுகளுக்குப் பசை தடவி, ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மோர் கடைவதுபோல உருட்டித் தேய்க்க வேண்டும். அதை நானே செய்தேன். கொட்டகை முழுதும் மண்ணெண்ணெயும் ஈரக் கரியும் பழைய கிரீஸும் கலந்த நெடி. என் பள்ளிச் சீருடையிலிருந்து அந்த வருஷம் முழுக்க அது போகவில்லை.

மிஸ்திரி என்னை ‘மா’ என்று கூப்பிடுவார். வங்காளிகள் மகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்தும், தேன் தடவிப் பேசுகிறார் என்றே நினைத்தேன். ஒரு நாள் அவர் பை கனமாகத் தெரிந்தது. சந்து முனைவரை பின்னாலேயே போனேன். அவர் நின்று, திரும்பிப் பார்த்து, பையைத் திறந்து காட்டினார். பொரியும் இரண்டு வெங்காயமும் இருந்தன. “பசிக்குதா மா?” என்று கேட்டு ஒரு பிடி பொரியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பையில் இல்லாவிட்டால் இடுப்பில் இருக்கும் என்று நினைத்தபடியே மென்றுகொண்டு வந்தேன்.

அம்மா அவருக்குத் தினமும் தேநீர் கொடுத்தாள். விளிம்பு பெயர்ந்த ஒரு எனாமல் குவளையில். அது கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும், வீட்டுக்குள் வராது. குடித்துவிட்டு அவரே குழாயில் கழுவி மாட்டிவிடுவார். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் குவளையை நினைத்தால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆவணி முடிகிற சமயம் பிஸ்டன் அசைந்தது. சித்தப்பா முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்ற, உள்ளே ஏதோ கொட்டாவி விடுவதுபோல ஒரு சத்தம். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். இனி பாக்கி இருந்தது மேக்னெட்டோ. பேட்டரி இல்லாத அந்தக் காலத்து வண்டிகளுக்குத் தீப்பொறி கொடுக்கும் இரும்புப் பெட்டி அது, ஒரு தேங்காய் அளவு இருக்கும். வண்டியிலேயே விலை போகக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்று அப்பா பத்துத் தடவை சொல்லியிருந்தார். மிஸ்திரி அதைப் பிரித்து, துடைத்து, சுற்றுக்கம்பியை மாற்றிக் கட்டி, கையால் சுழற்றிக் காட்டினார். கம்பி முனையில் நீலமாக ஒரு பொறி சொடுக்கியது. “ஜான் எஷே கெச்சே” என்றார். உயிர் வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, சித்தப்பா உழவு பேசி முடிக்க ஹூக்ளிக்குப் போயிருந்தார், மறுநாள்தான் திரும்புவார். அம்மா மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தாள். கொட்டகையில் நானும் மிஸ்திரியும் மட்டும். அவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவினார். வழக்கமாக அப்படிக் கழுவமாட்டார். மேக்னெட்டோவை எடுத்துத் தோளிலிருந்த கம்ச்சாவில் வைத்துச் சுற்றினார்.

“மா, நாளைக்கு விஸ்வகர்மா பூஜை. எங்க பட்டறையில சாமி வைக்கிறோம். வண்டியையே தூக்கிட்டுப் போக முடியுமா? அதான் இதை மட்டும் கொண்டுபோய் சாமி காலடியில வைக்கப்போறேன். நாளை மறுநாள் காலையில கொண்டாந்து மாட்டிடறேன். அப்பாகிட்ட சொல்லிடு. மறந்துடாதே, என்ன?”

இவ்வளவையும் நிதானமாக வங்காளத்தில் சொன்னார். எங்கள் வீட்டிலேயே நன்றாக வங்காளம் தெரிந்தவள் நான்தான். ஒரு சொல் விடாமல் புரிந்தது. தலையை ஆட்டினேன்.

அவர் போனபின் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. விஸ்வகர்மா பூஜை எனக்குத் தெரியாததல்ல. ரிக்‌ஷா ஸ்டாண்டில்கூட யானைமேல் உட்கார்ந்த சாமியை வைப்பார்கள், அன்று வானம் முழுக்கக் காற்றாடி பறக்கும். ஆனால் எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் முதல் அப்பாவின் சைக்கிள்வரை எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜையன்றுதான் பொட்டு. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நம் வண்டிக்கு நாம் போடமாட்டோமா? அடுத்த வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டுபோய் யாராவது தன் சாமிக்கு முன்னால் வைப்பார்களா? அதுவும் விலை போகிற அந்த ஒரு பொருளை? பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து, சின்னப் பெண்ணிடம் சொல்லிவிட்டு? பத்து வயதுக்கு இது நல்ல வாதம்தான். இத்தனைக்கும் அவர் பொய் சொல்லவில்லை என்று அடிமனதில் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நிச்சயத்தை நான் பேசவிடவில்லை.

அப்பா வந்தார். தேநீர் குடிக்கும் முன்பே கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். “மேக்னெட்டோ எங்கே?” என்று அங்கிருந்தே சத்தம் போட்டபடி வந்தார்.

“மிஸ்திரி துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு” என்றேன்.

இதில் பொய் இல்லை. அடுத்த வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அப்பா என் தலையில் கையை வைத்தார். அவர் அப்படியெல்லாம் தொட்டுப் பேசுகிறவர் அல்ல. “பாத்தியா! நான் சொன்னேன்ல?” என்று அம்மாவிடம் திரும்பினார். “இந்த வீட்டுல கண்ணு திறந்து இருக்கறது எம் பொண்ணு ஒருத்திதான்.”

அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பயத்தால் அல்ல, பகையால் அல்ல. அப்பாவின் கை தலையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

“அவர் வாயைத் திறந்து ஏதாவது சொன்னாரா?” என்று அம்மா மட்டும் கேட்டாள்.

“இல்லை” என்றேன்.

மறுநாள் காலை அப்பா அலுவலகத்துக்குக் கிளம்பும் உடையிலேயே பட்டறைக்குப் புறப்பட்டார். என்னையும் கூட்டிக்கொண்டார், சாட்சிக்கு. மொட்டைமாடிகளில் பையன்கள் அறுந்த காற்றாடிகளைப் பார்த்து ‘போ கட்டா’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு காற்றாடி அறுந்து டிராம் கம்பியில் மாட்டித் துடித்தது. வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். அது அங்கே இருக்கக் கூடாது, மிஸ்திரி அதை நிஜமாகவே விற்றிருக்க வேண்டும்.

அப்பா தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டார். “சோர்! எங்கே என் சாமான்?” என்று இந்தியும் வங்காளமுமாகக் கத்தியபடி நுழைந்தார். திருடன் என்ற அந்தச் சொல் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பட்டறையை அன்று அடையாளம் தெரியவில்லை. தரையைக் கழுவிக் கோலம் போட்டு, வண்ணக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். நடுவில் யானைமேல் சாமி. காலடியில் ஸ்பானர்கள், ஒரு டாக்சியின் ஸ்டீயரிங், சுத்தியல். எல்லாவற்றுக்கும் முன்னால், தனியாக ஒரு மணைப்பலகையில், எங்கள் மேக்னெட்டோ. சிந்தூரப் பொட்டு வைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூ வைத்திருந்தது.

மிஸ்திரி குளித்துவிட்டு வெளுத்த வேட்டியில் நின்றிருந்தார். அவரைக் கிரீஸ் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் அவர் மனைவி, என் வயதில் ஒரு பெண். டாக்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

அப்பா ஒரு கணம் தடுமாறினார். ஆனால் கத்தியபடி வந்தவருக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை. “சாமிக்கு வைக்கிறதுன்னா சொல்லிட்டு எடுக்கணும். சொல்லாம எடுத்தா அதுக்குப் பேர் என்ன? வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா?”

மிஸ்திரி என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இத்தனை வருஷமும் நிம்மதியாகப் போயிருக்கும். அவர் பார்வையில் கேள்விதான் இருந்தது. நான் அவர் மகளின் ரிப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் ரிப்பன். அப்பாவின் விரல்கள் என் தோளைப் பிடித்திருந்தன. மிஸ்திரி அந்த விரல்களையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“இல்ல பாபு” என்றார். “யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடதுதான்.”

பூவை எடுத்து வைத்துவிட்டு, மேக்னெட்டோவைக் கம்ச்சாவில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். பிறகு தட்டிலிருந்து சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரசாதம். நான் அதைத் தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக இருந்தது.

வரும் வழியில் அப்பா, “சரி, நாளைக்கு வேலைக்கு வரட்டும், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல” என்றார். தான் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே அவர் கடைசிவரை நம்பினார்.

மிஸ்திரி வரவில்லை. ஊரிலிருந்து திரும்பிய சித்தப்பா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்தார். மகாளயத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. பட்டறைக்கு ஓடினார். இரண்டாம் தடவை போனபோதுதான் மிஸ்திரி வாயைத் திறந்தாராம். “தம்பி, உங்க மேல வருத்தமில்ல. ஆனா திருடன்னு பேர் வாங்கின கையை அந்த வண்டிமேல வைக்க முடியல.” மேக்னெட்டோவை எப்படி மாட்ட வேண்டும், பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும், எந்தக் குறியை எந்தக் குறியோடு சேர்க்க வேண்டும் என்று தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினாராம். சித்தப்பா வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். பாதிதான் மனதில் நின்றது.

அவரே மாட்டினார். மகாளயத்துக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி, கைப்பிடியைச் சுழற்றினார். பொறி முன்கூட்டியே விழுந்துவிட்டது. எஞ்சின் தலைகீழாக உதைத்தது, கைப்பிடி வந்த வேகத்தில் திரும்பிச் சுழன்றது. மணிக்கட்டு உடைந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கரிக்குவியலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முன்பு சொல்லாததற்குக் காரணம் ஆசை. இப்போது பயம். நான் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மிஸ்திரியிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார், மூன்று நாள் அவருக்கு ஏராளம். அது எனக்கு அன்றே தெரியும். ராத்திரியெல்லாம் தயார்செய்வேன், காலையில் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மகாளயத்தன்று அப்பா தர்ப்பணம் முடித்து வந்த கையோடு இரும்புக்காரர் வந்தார். நான்கு ஆட்கள், சம்மட்டி, தள்ளுவண்டி. துண்டு துண்டாக்கித்தான் சந்து வழியே கொண்டுபோக முடிந்தது. மாவுக்கட்டுக் கையோடு சித்தப்பா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்குப் பிறகு ஜாம்ஷெட்பூர் போனார். முப்பத்தெட்டு வருஷம் கல்லாப்பெட்டி. அந்தப் பின்தெருவுக்கு நான் மறுபடி போகவேயில்லை. பள்ளிக்குச் சுற்றுவழியில் போனேன்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. சால்ட் லேக்கில் மகன் வீட்டில் இருக்கிறார். வலது மணிக்கட்டு முழுதாக மடங்காது, தம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிப்பார். அப்பா போய்விட்டார், அம்மாவும். அந்த டிராக்டரை ஞாபகம் வைத்திருப்பவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். காப்பியை ஊதிக்கொண்டிருந்தவர் தானாகவே பேச்சை எடுத்தார்.

“தங்கமான மனுஷன்மா அந்த மிஸ்திரி. என்ன பண்றது, அந்த ஒரு தப்பைப் பண்ணிட்டார். உங்கம்மா வீட்டுல இல்ல, நானும் இல்ல, சரி. நீ அங்கேதானே இருந்தே? உன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம், இல்ல?”

அவர் கண்ணில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அவர் யாரையும் சந்தேகப்பட்டதேயில்லை.

“சொல்லியிருக்கலாம் சித்தப்பா” என்றேன்.